அடிக்கடி வரும் டான்சில் வீக்கம்: கணக்கு இல்லாமல் முடிவெடுக்க முடியாது

1934-ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் ஓர் ஆய்வை வெளியிட்டது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் படித்த 11 வயதுக் குழந்தைகள் 1,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் அகற்றப்பட்டிருந்தது. மிச்சமிருந்த 389 பேரை மருத்துவர்களிடம் காட்டியபோது, 174 பேருக்கு அறுவை சிகிச்சை தேவை என்றார்கள். தேவையில்லை என்று ஒதுக்கப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்களிலும் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. எஞ்சிய 116 பேரை மூன்றாவதாக ஒரு முறை காட்டினார்கள். அதிலும் 51 பேருக்கு அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. ஆயிரம் குழந்தைகளில் கடைசிவரை தப்பியவர்கள் 65 பேர்தான்.

யாரிடம் காட்டினாலும், எந்தக் குழுவைக் காட்டினாலும், ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு எடுக்க வேண்டும் என்றே பதில். குழந்தையின் தொண்டையைவிட மருத்துவரின் பழக்கமே அங்கே முடிவு செய்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பெரிதாகத் தெரிந்தால் எடுக்கச் சொன்னார்கள். அந்தக் குழந்தைக்குக் கடந்த ஆண்டில் எத்தனை முறை காய்ச்சல் வந்தது, ஒவ்வொரு முறையும் என்ன கிருமி இருந்தது என்ற கேள்விக்கு அந்தப் பரிசோதனையில் இடமே இல்லை.

தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தக் கேள்வி பெரும்பாலான வீடுகளில் கேட்கப்படுவதில்லை. குழந்தைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொண்டை வீங்குகிறது. எச்சில் விழுங்க முடியாமல் அழுகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆன்டிபயாடிக் பாட்டில் வாங்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம். பொறுத்தது போதும் என்று அவசரமாக அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பாரிடமும், வந்தது என்ன என்பதற்கு எழுத்தில் எந்தப் பதிவும் இருப்பதில்லை. மீண்டும் மீண்டும் வரும் டான்சில் தொல்லைக்குச் சிகிச்சை அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன்.

குழந்தையை வாயை அகலத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு. பலரும் அதைத்தான் டான்சில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்நாக்கின் இரு பக்கங்களிலும், முன்னும் பின்னுமான இரண்டு தசை மடிப்புகளுக்கு நடுவே பொதிந்திருக்கும் இரண்டு சதைத் திரள்களே டான்சில்கள். அவற்றின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. ஒவ்வொன்றிலும் 10 முதல் 30 வரை குழிகள் உண்டு. அவை உள்ளே ஆழமாகக் கிளை பிரிந்து செல்கின்றன. வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வரும் கிருமிகள் இந்தக் குழிகளுக்குள் சிக்க, அங்குள்ள நோயெதிர்ப்பு அணுக்கள் அவற்றை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கப் பழகுகின்றன. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு, நாக்கின் அடிப்பகுதியிலுள்ள திசு ஆகியவையும் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்திருப்பதை ஜெர்மன் உடற்கூற்றியல் அறிஞர் வால்டேயர் 1884-இல் விவரித்தார். அதனால்தான் அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

புதுப் புதுக் கிருமிகளைச் சந்திக்கும் வயதில் இந்தத் திசு மும்முரமாக வேலை செய்கிறது. அதனால் பெரிதாகவும் இருக்கிறது. மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை டான்சில் பெருத்திருப்பது இயல்பு. பதின்ம வயதில் தானாகவே சுருங்கத் தொடங்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தூக்கத்தில் மூச்சுத் தடை இல்லை என்றால், பெரிய டான்சிலைப் பார்த்து மட்டும் பயப்பட ஒன்றுமில்லை. குழிகளில் உணவுத் துகளும் இறந்த அணுக்களும் சேர்ந்து இறுகி, மஞ்சள் கலந்த வெள்ளைக் கட்டிகளாக வெளிவருவதும் உண்டு. நாற்றமடிக்கும், ஆபத்து இல்லை. அதைச் சீழ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிடத் தேவையில்லை.

தொண்டையில் வெள்ளை தெரிந்தாலே பாக்டீரியா என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. உண்மையில் டான்சில் அழற்சிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருகின்றன. அடினோ வைரஸும், இளம் வயதினருக்கு வரும் எப்ஸ்டைன்-பார் வைரஸும் டான்சில் மீது கனமான வெள்ளைப் படிவையே உண்டாக்கும். ஆன்டிபயாடிக் தேவைப்படும் முக்கியமான கிருமி, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டை வலியோடு வரும் குழந்தைகளில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கும், பெரியவர்களில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கும்தான் இது காரணம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரிது.

இரண்டையும் பிரித்தறியச் சில தடயங்கள் உண்டு. மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு, வாய்ப்புண் ஆகியவை கூடவே இருந்தால் வைரஸ் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படிவு, தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கத்தில் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டு, இருமல் இல்லாமை ஆகிய நான்கையும் வைத்து ராபர்ட் சென்டார் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981-இல் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நான்கும் சேர்ந்து இருக்கிறவர்களில்கூட ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் சோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிடைக்கும். மிகத் தேர்ந்த கண்ணுக்கும் எல்லை உண்டு என்பதால்தான் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதிப்பது அவசியமாகிறது. வளர்ப்புச் சோதனையின் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். விரைவுச் சோதனை கிடைக்கும் இடங்களில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

'இரண்டு நாள் காத்திருப்பதா, அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?' என்று பெற்றோர் பதறுவது நியாயம்தான். அந்தப் பதற்றத்துக்குப் பதில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஒரு விமானப்படைத் தளத்தில் கிடைத்தது. 1949 முதல் அங்கே நடந்த ஆய்வுகளில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சி கண்ட வீரர்களுக்கு பெனிசிலின் கொடுத்தால் பின்னால் வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்று நிரூபணமானது. நோய் தொடங்கி ஒன்பது நாள் கழித்து மருந்தை ஆரம்பித்தாலும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. ஆகவே சோதனை முடிவுக்காக இரண்டு நாள் காத்திருப்பதால் இதயத்துக்கு எந்தக் கெடுதலும் வராது.

ருமாட்டிக் காய்ச்சல் என்பதை அலட்சியமாகக் கடந்துவிட முடியாது. தொண்டை வலி வந்துபோன இரண்டு மூன்று வாரங்களில், பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கி வலிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்க்க உடல் தயாரித்த ஆயுதம், தவறுதலாக இதய வால்வையும் தாக்குகிறது. மூட்டு வலி சுவடில்லாமல் போய்விடும். வால்வின் தழும்பு போகாது. பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்த நோய் நம் நாட்டில் மறையவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் பரிசோதனையில் ருமாட்டிக் இதய நோயும் இடம்பெற்றிருப்பது அதனால்தான். இருபத்தைந்து வயதில் மூச்சு வாங்கி, பிரசவ நேரத்தில் தடுமாறி, அப்போதுதான் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதை அறிந்துகொள்ளும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். சிறு வயதில் தொண்டை வலி வந்ததா என்று கேட்டால் பலருக்கு நினைவே இருக்காது. அதே கிருமி சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ஒன்று முதல் மூன்று வாரங்களில் காலையில் முகம் வீங்கி, சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானால் ஆன்டிபயாடிக்கை முழுமையாகக் கொடுத்தே தீர வேண்டும். பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், 10 நாள். நடைமுறையில் என்ன நடக்கிறது? மூன்றாம் நாள் காய்ச்சல் விடுகிறது. குழந்தை ஓடியாடத் தொடங்குகிறது. பாதி மருந்தோடு பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போய்விடுகிறது. அடுத்த மாதம் தம்பிக்குத் தொண்டை வலித்ததும் அதே பாட்டில் வெளியே வருகிறது. தண்ணீர் கலந்த சிரப் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் வீரியத்தோடு இருக்காது என்பதை லேபிளில் அச்சிட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. அண்ணனுக்குச் சிகிச்சை பாதியில் நின்றது. தம்பிக்கு வைரஸுக்குத் தேவையில்லாத மருந்து, அதுவும் காலாவதியானது. இரண்டு பேருடைய கணக்கிலும் 'டான்சில், ஆன்டிபயாடிக் கொடுத்தோம்' என்று ஒரே மாதிரி பதிவாகிறது.

மருந்துக்கடையில் நேரே சொல்லி வாங்கும் மூன்று மாத்திரை அட்டை இன்னும் பெரிய தொல்லை. 2019-ஆம் ஆண்டின் இந்தியத் தனியார் மருந்து விற்பனையை ஆராய்ந்தபோது, ஆன்டிபயாடிக்குகளில் மிக அதிகமாகப் பயன்பட்டது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை என்று தெரியவந்தது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தொண்டை அழற்சிக்கு மாற்றாக வைத்திருக்க வேண்டிய மருந்து அது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இந்த வகை மருந்துக்குப் பல இடங்களில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. ஆனால் எண்பது ஆண்டுகளாகப் பயன்பட்ட பிறகும் பெனிசிலின் அதற்கு எதிராக இன்னும் வேலை செய்கிறது. மலிவான, பழைய, குறிபார்த்து அடிக்கும் மருந்தை விட்டுவிட்டு, சௌகரியத்துக்காக விரிந்த வீச்சுள்ள மருந்தை ஏன் எடுக்க வேண்டும்? எப்ஸ்டைன்-பார் வைரஸ் காய்ச்சலில் அமாக்சிசிலின் கொடுத்தால் உடலெங்கும் சிவந்த தடிப்பு வருவதும் உண்டு. அதைப் பார்த்து 'இவனுக்கு பெனிசிலின் அலர்ஜி' என்று ஆயுளுக்கும் முத்திரை குத்திவிடுகிறார்கள். சோதனை செய்யாமல் மருந்து கொடுத்ததால் வந்த வினை அது.

அது சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இதற்கு ஒரே விடை இல்லை. முதல் காரணம் மிகச் சாதாரணமானது: அது ஒரே நோய் அல்ல. எல்.கே.ஜி. வகுப்பில் சேரும் குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அவற்றில் சில தொண்டையிலும் தெரியும். அவை ஆறு வேறு வைரஸ்கள். குழந்தையின் எதிர்ப்பு சக்தி ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டிருக்கிறது. ஓரிரு ஆண்டில் தானாகக் குறையும்.

மெய்யாகவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மீண்டும் மீண்டும் வருகிறவர்களின் கதை வேறு. டான்சில் குழிகளின் ஆழத்தில் பாக்டீரியாக்கள் பிசின் போன்ற படலம் ஒன்றை உண்டாக்கி அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து சரிவரச் சேராது. சில, அணுக்களுக்கு உள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்கின்றன. பக்கத்தில் குடியிருக்கும் வேறு பாக்டீரியாக்கள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரந்து, தங்களை அறியாமலே ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் காப்பாற்றுவதும் உண்டு. எல்லாம் முறைப்படி செய்தும் மீண்டும் வந்தால் மருத்துவர்கள் வேறு மருந்துக்கு மாறுவதற்கு இதுவே காரணம்.

ஒரே வகுப்பில், ஒரே கிருமிக்கு நடுவே இருந்தும் ஒரு குழந்தைக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு, கலிபோர்னியாவின் லா ஹோயா நோயெதிர்ப்பியல் ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு வெளிச்சம் தந்தது. அடிக்கடி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்ததால் அகற்றப்பட்ட டான்சில்களையும், வேறு காரணத்துக்காக அகற்றப்பட்ட டான்சில்களையும் ஒப்பிட்டார்கள். அடிக்கடி நோயுற்ற குழந்தைகளின் டான்சிலில், எதிர்ப்புப் பொருளைச் செம்மைப்படுத்தும் மையங்கள் சிறுத்திருந்தன. அந்தக் கிருமி வெளியிடும் ஒரு நச்சுக்கு எதிரான எதிர்ப்புப் பொருளும் குறைவாக இருந்தது. சில மரபணு வகைகள் அவர்களிடம் அதிகம் காணப்பட்டன. குடும்பத்தில் வேறு சிலருக்கும் டான்சில் எடுத்த வரலாறு இருந்தது. 'ஐஸ்கிரீம் தின்றாய், அதனால் அனுபவிக்கிறாய்' என்று திட்டு வாங்கும் குழந்தைகள் சார்பாக எனக்கு இதைச் சத்தமாகச் சொல்லத் தோன்றுகிறது. குளிர்ந்த தண்ணீரும் ஐஸ்கிரீமும் டான்சில் அழற்சியை உண்டாக்குவதில்லை. கிருமி இன்னொருவரின் தும்மல், இருமல், எச்சில், கை வழியாகத்தான் வருகிறது.

இனி, டான்சில் நோய் போலவே தோன்றி ஏமாற்றுகிறவை. பள்ளிக் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு மேல், எந்த நோயும் இல்லாமலே தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சுமந்து திரிகிறார்கள். இவர்களுக்கு ஆபத்தும் குறைவு, இவர்களிடமிருந்து பரவுவதும் குறைவு. ஆனால் இவர்களில் ஒருவருக்கு வைரஸ் காய்ச்சல் வரும்போது மாதிரி எடுத்தால், 'மறுபடியும் ஸ்ட்ரெப்' என்று முடிவு வரும். மூக்கு ஒழுகலும் இருமலும் இருக்கும்போதெல்லாம் சோதனை செய்யக் கூடாது என்பது இதற்காகத்தான்.

நம் ஊரில் இதைவிடப் பரவலான குழப்பம் ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை. கால் வலிக்கிறது என்று சொல்லும் குழந்தைக்கும், அடிக்கடி தொண்டை வலிக்கும் குழந்தைக்கும் இதை எழுதிக் கொடுக்கிறார்கள். அளவு 200-ஐத் தாண்டி 400 என்று அறிக்கை வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. எப்போதோ, சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்பு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்துபோனது என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்வதில்லை. இப்போது இருக்கும் தொண்டை வலிக்கு அதுதான் காரணம் என்றும் ஆகாது. ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது என்றும் ஆகாது. பள்ளி வயதில் ஆரோக்கியமான குழந்தைகளுக்கே அந்த அளவு உயர்ந்து காணப்படும். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 21 நாளுக்கு ஒரு முறை பென்சாதீன் பெனிசிலின் ஊசி போடத் தொடங்குவது கொடுமை. அது இடுப்பில் போடும் கடுமையாக வலிக்கும் ஊசி. ருமாட்டிக் காய்ச்சல் உறுதியான குழந்தைக்கு உயிர்க் காப்பான ஊசி அது. விடாமல் பல ஆண்டுகள் போட வேண்டும். அந்த நோயே இல்லாத குழந்தையை, ஆய்வகத் தாளுக்காக அப்படி வதைக்கக் கூடாது. அப்படிப் போடச் சொன்னால், எந்த அறிகுறிகளின் அடிப்படையில் ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவு செய்தீர்கள், இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

இன்னொன்று, அரிதானாலும் தெரிந்திருக்க வேண்டியது. ஐந்து வயதுக்குள் தொடங்கி, மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை சொல்லி வைத்தாற்போல் கடும் காய்ச்சல், தொண்டைச் சிவப்பு, வாய்ப்புண், கழுத்தில் நெறிக்கட்டு வரும். நான்கைந்து நாளில் போய்விடும். இடையில் குழந்தை முழு ஆரோக்கியத்தோடு வளரும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே நாலைந்து நாள். இது பி.எஃப்.ஏ.பி.ஏ. எனப்படும், தொற்று அல்லாத காய்ச்சல். 1987-இல்தான் இது முதலில் விவரிக்கப்பட்டது. ஒரு வேளை ஸ்டீராய்டு மருந்தில் சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். காலண்டரில் தேதிகளைக் குறித்துவைத்த தாய்தான் பெரும்பாலும் இந்த நோயை முதலில் கண்டுபிடிக்கிறார். பெரியவர்களிடமோ, மூக்கு அலர்ஜி, வாயால் மூச்சு விடுதல், வயிற்று அமிலம் மேலே ஏறுவது, புகைப்பழக்கம் ஆகியவை ஆண்டு முழுக்கத் தொண்டையை அரிக்கும். காய்ச்சலும் நெறிக்கட்டும் இல்லாத அந்தக் கரகரப்புக்கு டான்சிலை எடுத்தால், டான்சில்தான் போகும், கரகரப்பு போகாது.

எழுதி வையுங்கள்

பிட்ஸ்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸ் 1978-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அடிக்கடி கடுமையான தொண்டை நோய் வருகிறது என்று பெற்றோர் சொன்ன, ஆனால் மருத்துவப் பதிவு இல்லாத 65 குழந்தைகளை அவர் குழு தொடர்ந்து கவனித்தது. பெற்றோர் சொன்ன அதே வேகத்தில் நோய் வந்தது 11 பேருக்குத்தான். பெற்றோர் பொய் சொல்லவில்லை. இரவு முழுக்க விழித்திருந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர்களின் நினைவில் ஒவ்வொரு சளியும் பெரிய காய்ச்சலாகப் பதிந்துவிடுகிறது, ஆறு, பத்தாகிவிடுகிறது. அந்த நினைவை நம்பி அன்றே கத்தி வைத்திருந்தால் 54 குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை நடந்திருக்கும்.

அவர் 1984-இல் வெளியிட்ட அடுத்த ஆய்விலிருந்துதான் இன்று உலகெங்கும் பயன்படும் கணக்கு வந்தது. கடந்த ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை. அதுவும் வெறும் தொண்டை வலி போதாது. ஒவ்வொரு முறையும் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் நெறிக்கட்டு, டான்சிலில் வெள்ளைப் படிவு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சோதனை உறுதி ஆகியவற்றில் ஒன்றாவது இருந்து, அது மருத்துவரால் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்த அளவு நோயுற்ற குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை அடுத்த இரண்டு ஆண்டுகளில் தெளிவான பலன் தந்தது. அறுவை செய்யாத குழந்தைகளிலும் பலருக்குத் தொல்லை தானாகவே குறைந்தது. இதைவிடக் குறைவாக நோய் வந்த குழந்தைகளை வைத்து 2002-இல் அதே குழு வெளியிட்ட ஆய்வில், கிடைத்த சிறு பலன் அறுவையின் வலிக்கும் ஆபத்துக்கும் ஈடாகவில்லை.

ஆகவே நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'ஜூலை 14. காலையில் 102 டிகிரி. இருமல், மூக்கு ஒழுகல் இல்லை. கழுத்தில் வலது பக்கம் நெறி. டான்சிலில் வெள்ளை. மாதிரி எடுத்தார்கள், ஸ்ட்ரெப் இருக்கிறது. அமாக்சிசிலின் 10 நாள், முழுதும் கொடுத்தோம். பள்ளிக்கு நான்கு நாள் போகவில்லை.' ஒவ்வொரு முறையும் நான்கு வரி போதும். மருத்துவர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்தப் புத்தகம் கூட வரும். ஓராண்டு முடிவில் அதைப் பிரித்துப் பார்த்தால், ஏழில் ஐந்து வைரஸ் சளி என்று தெரியலாம். மருந்து பாதியில் நின்ற பிறகே மறுபடி வந்திருக்கிறது என்று தெரியலாம். சரியாக 28 நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று தெரியலாம். உண்மையிலேயே ஏழும் ஸ்ட்ரெப் என்றும் தெரியலாம். நான்குக்கும் சிகிச்சை வேறு வேறு.

பெரியவர்களுக்கு அறுவை பயன்படுமா என்பதில் நீண்ட காலம் சந்தேகம் இருந்தது. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 453 பேரை வைத்து நடந்து, 2023-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு அதைப் பெரிதும் தீர்த்தது. அடிக்கடி டான்சில் அழற்சி வந்தவர்களில் உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொண்டை வலித்த நாட்கள் நடுமதிப்பில் 23. மருந்தோடு காத்திருந்தவர்களுக்கு 30. பலன் உண்டு, ஆனால் மந்திரம் இல்லை. அறுவை செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எண்ணிக்கை பார்க்கத் தேவையில்லாத நிலைமைகளும் உண்டு. குழந்தை இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி மீண்டும் இழுக்கிறது. பகலில் சிடுசிடுப்பும் கவனக்குறைவும் இருக்கின்றன என்றால், ஒரு முறைகூடக் காய்ச்சல் வராவிட்டாலும் டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட வேண்டியிருக்கலாம். டான்சிலுக்குப் பின்னால் சீழ் கோத்துக்கொள்வது இரண்டாம் முறை நடந்தாலும் அப்படித்தான். பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்து, மூன்று வாரத்துக்கு மேல் குறையாமல் இருந்தால், அது புற்றுநோயாக இருக்கக்கூடும். புகையிலை போடுகிறவர்கள், புகைக்கிறவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை சுலபமானவை. எடைக்கேற்ற பாரசிட்டமால்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. விழுங்கும் வலியால் தண்ணீர் குடிக்க மறுப்பதே குழந்தையை அதிகம் வாட்டுகிறது. கஞ்சி, மோர், மிளகு குறைத்த ரசம் எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கொப்பளிக்கத் தெரிந்த வயதென்றால் வெதுவெதுப்பான உப்புநீர் இதமளிக்கும். ஒரு வயதுக்கு மேல் தேனும் பனங்கற்கண்டுப் பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். இவை வலியைத் தணிக்கும்; ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் கொல்லாது. தேனையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போடும் வழக்கம் மட்டும் வேண்டாம். சுண்ணாம்பு குழந்தையின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும்.

வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் வழிகிறது, வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறிவிட்டது, வலி ஒரே பக்கம் காதுவரை குத்துகிறது என்றால் அது சீழ்க்கட்டி. அன்றே திறந்துவிட வேண்டும். மூச்சு விடும்போது சத்தம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். துடைத்தால் ரத்தம் கசியும் சாம்பல் நிறப் படலம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, கழுத்து மொத்தமாக வீங்கினால் தொண்டை அடைப்பான் என்று சந்தேகிக்க வேண்டும். அது நம் நாட்டிலிருந்து ஒழியவில்லை. ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடும் முத்தடுப்பு ஊக்குவிப்பு ஊசி, 10 மற்றும் 16 வயதில் போடும் டி.டி. (Td) ஊசி ஆகியவை விடுபட்டிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

கணக்கு பார்த்து, அறுவைதான் வழி என்று முடிவானால் தயங்க வேண்டாம். டான்சிலை எடுத்தால் எதிர்ப்பு சக்தியே போய்விடும் என்ற பயம் மிகையானது. தொண்டையைச் சுற்றியுள்ள வளையத்தின் மற்ற பகுதிகளும் உடலின் பிற நிணநீர்த் திசுக்களும் அந்த வேலையைத் தொடர்கின்றன. டென்மார்க்கில் 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, டான்சில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மேல் மூச்சுப்பாதை நோய்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. எடுத்ததால்தான் வந்தது என்பதற்கு அது நிரூபணம் ஆகாது. தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்குப் போதுமான காரணம்.

முழு மயக்கத்தில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் முடியும் அறுவை அது. பிறகு வரும் இரண்டு வாரங்கள்தான் வீட்டாருக்கு வேலை. வலி ஏழு முதல் பத்து நாள் இருக்கும். காதும் வலிக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. காதில் எதையும் ஊற்றக் கூடாது. அறுத்த இடத்தில் வெள்ளையாகப் படிவது சீழ் அல்ல, ஆறும் புண்ணின் மேல்படலம். வாய் நாறுவதும் அதனால்தான். வலி வரும்வரை காத்திராமல் நேரம் தவறாமல் மருந்து கொடுத்து, சாப்பிடவும் குடிக்கவும் வைக்க வேண்டும். கோடீன் கலந்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. சில குழந்தைகளின் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறி மூச்சை நிறுத்திவிடும் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-இல் டான்சில் அறுவைக்குப் பிறகு அதைத் தடை செய்தது. ரத்தக்கசிவு முதல் 24 மணி நேரத்தில் வரலாம். அல்லது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், அந்தப் படலம் உதிரும்போது வரலாம். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வேண்டாம். எச்சிலில் சிவப்பு தெரிந்தாலோ, தூக்கத்தில் குழந்தை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, அளவு குறைவுதானே என்று விடியும்வரை காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.